மொரிஸ் மைனரின் பின்பக்கத்தை உயர்த்தலாமா? திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் வண்டி மொரிஸ் மைனர் 1000. 1098 சி.சி. எஞ்சின், நான்கு கதவு. மாமா ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழ் வந்து நின்றது. வீடு உவர்மலையில், வயல் தம்பலகாமத்தில். பெரிய வீதி கார்ப்பெட் போட்டதிலிருந்து எந்தக் கரைச்சலும் இல்லை. சிக்கல் கடைசி இரண்டு கிலோமீற்றரில்தான். டிராக்டர் சில்லு உழுதுவிட்ட இரண்டு பள்ளம், நடுவில் புல் முளைத்த மேடு. அந்த மேடு மைனரின் வயிற்றைத் தடவாமல் விட்டதே இல்லை.

அதற்காகத்தான் பின்பக்கத்தை உயர்த்தினேன். முதல் தடவை பிழையாக, இரண்டாம் தடவை சரியாக. பெற்றோல் ஷெட்டில் வரிசையில் நிற்கும்போது யாராவது குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணன், பின்னுக்கு என்ன செய்தீங்க?" என்று தொடங்குவார்கள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. ஆகவே இங்கே.

என் மைனரின் பின்பக்கம் கிடங்குகளில் அடிக்கிறது. எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

உயர்த்துவதற்கு முன், எவ்வளவு இறங்கிப் போயிருக்கிறது என்று பாருங்கள். மைனர் 1948 இல் வெளிவந்த கார். சலூன் வகையின் உற்பத்தி 1970 இல் நின்றுவிட்டது. பின் ஸ்பிரிங் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த உருக்குத் தகடுகள். அதை மாற்றாத வண்டி என்றால் அந்தத் தகடுகளுக்கு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வில்லாக இருந்தது தட்டையாகி, சிலவற்றில் மறுபக்கம் வளைந்தே போயிருக்கும். என்னிடம் வந்து கேட்டவர்களில் பாதிப் பேருக்கு வண்டியை உயர்த்தும் தேவையே இருக்கவில்லை. இழந்த உயரத்தை மீட்டாலே போதுமாக இருந்தது.

அதற்கு மேல் என்றால் என் கணக்கு ஓர் அங்குலம். மிஞ்சினால் ஒன்றரை. இரண்டு, மூன்று என்று போகிறவர்களுக்கு ஏன் வேண்டாம் என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

ஸ்பிரிங் இறங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமதரையில் நிறுத்துங்கள். கோயில் வீதியோ, சீமெந்து போட்ட முற்றமோ எதுவாக இருந்தாலும் சரி. டயர்களில் ஒரே காற்று, டிக்கியில் சாமான் இல்லை. பின் சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இரண்டு பக்கத்தையும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானம் கணக்கைக் குழப்பும்.

அடுத்ததாகக் கீழே போய், ஸ்பிரிங்கின் முன் கண்ணிலிருந்து (முனையில் சுருண்டிருக்கும் வளையம்) பின் கண்ணுக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூலுக்கும் முதல் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். என் வண்டியில் இடது பக்கம் விரல் நுழைந்தது. வலது பக்கம், அதாவது சாரதி இருக்கும் பக்கம், நூல் தகட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாமா கொஞ்சம் கனத்த மனிதர். அத்தனை வருடமும் அவர் ஒருவரே ஏறி இருந்த பக்கம் அது.

இரண்டு பக்கத்துக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உயர்த்தும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். உடைந்த தகடு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கக்கூடும்.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் டிஃபரன்ஷலும் உயருமா?

உயராது. பலருக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும்.

மைனரின் பின் அச்சு ஒரே இரும்புக் குழாயாக இரண்டு சில்லையும் இணைக்கிறது. நடுவில் டிஃபரன்ஷல், சுருக்கமாக டிஃப்: எஞ்சினின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பானைபோன்ற பல்சக்கரப் பெட்டி. அச்சு சில்லோடு சேர்ந்தது, ஸ்பிரிங்கோடு அல்ல. ஸ்பிரிங் எவ்வளவு வளைந்தாலும் உயர்வது உடல் மட்டும்தான். டிஃபின் அடிப்பாகம் தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி, பெரிய டயர்.

அப்படியானால் ஸ்பிரிங் வேலையால் என்ன கிடைக்கிறது? சைலன்சர், அதன் வால்குழாய், டிக்கியின் அடி, ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் எல்லாம் மேலே போகின்றன. நான்கு பேர் ஏறி கிடங்கில் விழும்போது அச்சு உடலில் இடிக்கும் தூரம் கூடுகிறது. ஏற்றத்தில் ஏறும்போது பின்பக்கம் உரசுவது குறைகிறது. மட்டக்களப்புக்குப் போகும் A15 வீதியில் பாலங்கள் வருவதற்கு முன்பு கிண்ணியாவிலும் இறால்குழியிலும் வண்டியைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. பலகைச் சரிவில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் வால்குழாய் "கிறீச்" என்று கத்தும் என்று மாமா சொல்லுவார். அந்தச் சத்தம் ஸ்பிரிங்கால் தீரும். நடுமேட்டில் டிஃப் இடிப்பது தீராது. அதற்கு மருந்து ஓட்டும் முறையில் இருக்கிறது: ஒரு பக்கச் சில்லை மேட்டின் மேல் ஏற்றி, மற்றதைப் பள்ளத்துக்கு வெளியே ஓரத்தில் வைத்து ஓட்டுங்கள். டிராக்டரின் பள்ளங்களுக்கு இடையே உள்ள அகலமும் மைனரின் அகலமும் எப்படியும் பொருந்தாது.

பிக்அப்புகளில் செய்வதுபோல அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். வண்டி இறங்கும்.

என் முதல் பிழை இதுதான். ஒரு பட்டறையில் பிக்அப்புகளுக்குப் பிளாக் வைத்துப் பழகிய பையன், "ஒரு மணித்தியாலத்தில் முடிச்சுத் தாறேன் அண்ணன்" என்றான். லேத்தில் கொடுத்து ஓர் அங்குல இரும்புத் துண்டுகள் இரண்டு கடைந்து, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டை நீளமாக வாங்கி, பூட்டி, ஜக்கை இறக்கினோம். வண்டி இறங்கியது. இன்னும் இறங்கியது. மட்கார்டு விளிம்பு டயரைத் தொடும் அளவுக்கு வந்து நின்றது. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கிண்ணியா நானா ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் எளிது. அந்தப் பிக்அப்புகளில் ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கும். நடுவில் துண்டு வைத்தால் ஸ்பிரிங் மேலே தள்ளப்பட்டு வண்டி உயரும். மைனரில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே தொங்குகிறது. நடுவில் துண்டு வைத்தால் ஸ்பிரிங்கும் அதோடு உடலும் கீழே போகும். வெளிநாடுகளில் மைனரைத் தாழ்த்தி ஓட்ட விரும்புகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் பிளாக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் குனிந்து, ஸ்பிரிங் அச்சுக்கு மேலா கீழா என்று பாருங்கள். பையனைக் குறை சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லைதானே.

அப்படியானால் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டலாமே?

வேண்டாம். அச்சுக் குழாயின் தடிப்பும் ஸ்பிரிங்கின் தடிப்பும் சேர்ந்து ஒரேயடியாகப் பல அங்குலம் உயர்ந்துவிடும். அச்சுக் குழாயில் புதிய இருக்கை வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டில் குழாய் வளைந்தால் உள்ளே சில்லைச் சுழற்றும் அரை அச்சு ஒழுங்காகச் சுற்றாது. மைனரின் அரை அச்சு அப்படியே முறிந்துபோகும் பேர்வழி. அவ்வளவு உயரம் தேவையென்றால் ஜீப் வாங்குங்கள்.

பின் ஷக்கிளை நீளமாக்குவது மலிவு என்கிறார்களே?

மலிவுதான். ஷக்கிள் என்பது ஸ்பிரிங்கின் பின் கண்ணை உடலோடு கோர்க்கும் ஆடும் இணைப்பு: இரண்டு தட்டை இரும்பு, நான்கு துளை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஷக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஏறத்தாழ ஓர் அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது, அச்சு நடுவில் இருக்கிறது. அதோடு முழு ஸ்பிரிங்கும் சாய்வதால் அச்சும் சுழன்று டிஃபின் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு இரண்டு முனையிலும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் இருந்தால்தான் அதிராமல் ஓடும். மூக்கு திரும்பினால் நாற்பது மைல் வேகத்தில் ஆசனத்துக்கு அடியில் ஒரு முனகல் தொடங்கும். அதைச் சரிசெய்ய ஆப்புத் தகடு வைக்க வேண்டும். மலிவு அங்கேயே போய்விட்டது.

இன்னொன்று: மைனரின் பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிப்பது ஸ்பிரிங் மட்டுமே, வேறு கம்பி கிடையாது. நீண்ட ஷக்கிள் பக்கவாட்டில் அதிகம் அசையும். வளைவில் பின்பக்கம் ஆடும் உணர்வு வரும். அரை அங்குலம் நீட்டுவதற்கு மேல் நான் துணியமாட்டேன்.

சரி, அப்போது எதுதான் நல்ல வழி?

ஸ்பிரிங்கைக் கழற்றி, மறுபடி வளைத்து, தேவையானால் ஒரு தகடு சேர்ப்பது. லொறி ஸ்பிரிங் அடிக்கும் பட்டறைகளில் இந்த வேலை செய்வார்கள். வளைப்பதில் இரண்டு முறை உண்டு.

ஒன்று, குளிர்ந்த தகட்டைச் சுத்தியலால் சிறு சிறு அடியாக அடித்து வளைப்பது. பொறுமையான ஆள் செய்தால் ஓர் அங்குல உயரத்துக்கு இது போதும். தகட்டின் பதம் கெடாது. என்னுடையதை அடித்தவர் கறுத்த மெலிந்த முதியவர். ஒவ்வொரு பத்து அடிக்கும் தகட்டை எடுத்து, தரையில் சோக்கட்டியால் கீறியிருந்த வளைவின் மேல் வைத்துப் பார்ப்பார். கதை கேட்டால் பதில் வராது. சுத்தியல் சத்தம்தான் வரும். பத்துத் தகட்டுக்கு ஒரு முழு முற்பகல் போனது.

மற்றது, சிவக்கச் சூடாக்கி வளைப்பது. இதில் வளைத்த பிறகு எண்ணெயில் தோய்த்து, அப்புறம் குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்த வேண்டும். ஸ்பிரிங் உருக்கு அப்படித்தான் தன் துள்ளலைத் திரும்பப் பெறும். கேஸ் ஊதியால் நடுவில் மட்டும் சூடாக்கி, வளைத்து, தண்ணீர் வாளியில் போட்டு எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். ஒன்றில் சில மாதத்தில் பழையபடி தட்டையாகும், இல்லையென்றால் தண்ணீர் பட்ட இடத்தில் கண்ணாடிபோல முறியும்.

தகடு சேர்ப்பதென்றால் தடிப்பில் கவனமாக இருங்கள். தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. கால் அங்குலத் தகட்டுக்குப் பதில் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்குத் தகட்டைப் போட்டால், தடிப்பு கூடியது கால்வாசிதான். விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. பட்டறையில் கிடந்த லொறித் தகட்டை வெட்டிச் சேர்த்த வண்டி ஒன்றில் ஏறியிருக்கிறேன். நிலாவெளி வீதியில் ஒரு வேகத்தடையில் ஏறியதும் தலை கூரையில் முட்டியது. இருக்கும் தகட்டின் அதே தடிப்பில், இரண்டாவது நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்றைச் சேருங்கள், போதும்.

மைனரின் ட்ராவலர் (ஸ்டேஷன் வேகன்), வேன், பிக்அப் வகைகளுக்கு நிறுவனமே தகடு கூடிய ஸ்பிரிங்தான் கொடுத்தது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் சில சமயம் அகப்படும். அகப்பட்டால் ட்ராவலருடையதை எடுங்கள். பிக்அப்புடையது சலூனுக்கு விறைப்பு அதிகம்.

கழற்றிப் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை?

முதல் நாள் இரவே எல்லா நட்டிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பெற்றோல் டாங்க் பின்னால்தான் இருக்கிறது, கேஸ் ஊதியைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். உடலை ஸ்பிரிங்கின் முன் மாட்டுக்குச் சற்று முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சின் பாரத்தைத் தனி ஜக்கில் தாங்குங்கள். கல்லையும் தென்னங்குற்றியையும் நம்பி உள்ளே படுக்காதீர்கள். எங்கள் ஊர் மணல் நிலம். ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை வைக்காவிட்டால் ஒரு பக்கமாகப் புதையும்.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட மரை மறுபடி இறுக்கம் பிடிக்காது. தகடுகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சு இருக்கையின் துளையில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அச்சு ஒருபக்கம் முன்னே போய், வண்டி நண்டுபோல ஓடும்.

பிறகு பலர் தவறவிடும் ஒன்று. ஸ்பிரிங் கண்ணிலும் ஷக்கிளிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. அச்சு தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும். விரலால் மட்டும் பூட்டி, சில்லில் இறக்கி, பின்பக்கத்தை நான்கு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். நூறு, இருநூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். புதிய தகடுகள் ஒன்றோடொன்று படிந்து இடம் விட்டிருக்கும்.

ஷொக் அப்சோபரையும் மாற்ற வேண்டுமா?

மைனருக்கு வந்தது கை வைத்த எண்ணெய்ப் பெட்டி வகை. பெட்டி உடலில், கையின் நுனியிலிருந்து ஒரு சிறு இணைப்பு ஸ்பிரிங்கின் அடித்தட்டுக்குப் போகும். ஓர் அங்குல உயர்வுக்கு அதே போதும். ஆனால் அச்சை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள்: கையும் இணைப்பும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் திரும்பும்போது எந்தப் பக்கம் மடியும் என்று சொல்ல முடியாது, கை வளையும். நெருங்கி வந்தால் கொஞ்சம் நீண்ட இணைப்புச் செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அந்தப் பெட்டி வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கிறது. குழாய் வகைக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அப்படி மாற்றினால் நீளத்தை நன்றாக அளந்து வாங்குங்கள். அச்சு தொங்கும்போது அதன் பாரம் முழுதும் ஷொக்கில் தொங்கினால் மாட்டு பிய்ந்து வரும்.

வேறு எதெல்லாம் இழுபடும்?

உடலுக்கும் அச்சுக்கும் நடுவே போகிற எல்லாமும். பிரேக்கின் வளையும் குழாய் முதலாவது. அச்சு முழுக்கத் தொங்கும்போது அது இறுகி நிற்கக் கூடாது. இறுகினால் நீளமானதைத் தேடுங்கள், இழுத்துக் கட்டிச் சமாளிக்க வேண்டாம். அடுத்தது ஹான்ட்பிரேக்கின் இரண்டு கேபிள்கள்: உயர்த்திய பின் ஒரு பக்கம் இறுகி, சில்லு சூடாவதை நான் கண்டுபிடித்தது தம்பலகாமச் சந்தியில் மணத்தை வைத்துத்தான். சைலன்சர் குழாய் அச்சுக்கு மேலால் வளைந்து போகும் இடத்தையும் பாருங்கள். கடைசியாக ஹெட்லைட். பின்பக்கம் ஏறினால் வெளிச்சம் முன்னே பத்து முழத்தில் விழும்.

உயர்த்திய பிறகு ஸ்டியரிங் இலேசாகி, வண்டி அலைகிறது. ஏன்?

மூன்று அங்குலம் உயர்த்தியவர்கள் கேட்கும் கேள்வி இது. சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்னுக்குச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரிலும் முன் சில்லு திரும்பும் அச்சு அதேபோல் சற்றுப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அதைக் காஸ்டர் என்பார்கள்; மைனரில் ஏறத்தாழ 3 டிகிரி. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 86 அங்குலம். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தினால் முழு வண்டியும் மூக்குக் குத்தி, அந்த 3 டிகிரியில் ஒரு டிகிரியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மூன்று அங்குலம் உயர்த்தினால் இரண்டு டிகிரி போகும். மிச்சம் ஒன்று. வளைவுக்குப் பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, கடற்கரை வீதியில் கச்சான் காற்று அடித்தால் வண்டி பக்கத்து வரிசைக்குப் போகப் பார்க்கும்.

நான் ஓர் அங்குலத்தில் நிற்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

முன்பக்கத்தையும் சேர்த்து உயர்த்திவிட்டால்?

காஸ்டர் கணக்குச் சரியாகும். மைனரின் முன்பக்கத்தில் சுருளோ தகடோ கிடையாது. நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங். அதன் பற்களை மாற்றிப் பூட்டி உயர்த்தலாம். ஆனால் ஒரு பல் தள்ளினாலே உயரம் கணிசமாக மாறும். இடது கம்பியையும் வலது கம்பியையும் மாற்றிப் போடவே கூடாது, ஒவ்வொன்றும் தன் திசையில் முறுக்கேறிப் பழகியது.

ஆனால் முன்பக்கத்தைத் தொடும் முன் கீழ் டிரனியனைப் பாருங்கள். சில்லைத் தாங்கும் தூண் மரை வெட்டிய ஒரு துண்டில் சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒரு நாள் சில்லு அப்படியே மடிந்து விழும். உலகம் முழுக்க மைனர்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். கிறவல் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மாதம் ஒரு தடவை கிறீஸ் அடியுங்கள், சில்லைத் தூக்கி வைத்து. பாரத்தோடு அடித்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கம் போகாது.

டயரைப் பெரிதாக்குவது?

டிஃபை உயர்த்தும் ஒரே வழி என்று முன்னரே சொன்னேன். எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். 145/80 அளவில் 14 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 588 மில்லிமீற்றர். 155/80 என்றால் 604. 165/80 என்றால் 620. விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆகவே 145 இலிருந்து 165 க்குப் போனால் டிஃப் 16 மில்லிமீற்றர் உயரும், சுண்டுவிரல் தடிப்பு. குறைவாகத் தோன்றும். நடுமேட்டில் இடித்த அனுபவம் உள்ளவர்கள் அந்தச் சுண்டுவிரலுக்கு நன்றி சொல்வார்கள்.

விலையும் உண்டு. கியர் ஏறத்தாழ ஐந்தரை வீதம் நீளமாகிவிடும். 1098 சி.சி. எஞ்சின் தாங்கும், பழைய 803 ஏற்றத்தில் மூச்சு வாங்கும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 165 பின் மட்கார்டில் உரசுகிறதா என்று ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும். நான் 155 இல் நின்றுவிட்டேன்.

கடற்கரை மணலில் ஓட்டலாமா?

சல்லி, சாம்பல்தீவுப் பக்கம் வீடுகளுக்குப் போகும் மணல் ஒழுங்கைகளைக் கேட்டால், ஓட்டலாம். அங்கே உயரத்தைவிடக் காற்றே முக்கியம். சாதாரணமாக 26 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் காற்றை 18 க்கு இறக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும். மெதுவாக, நிறுத்தாமல் போங்கள். பெரிய வீதிக்கு வந்ததும் மறுபடி அடியுங்கள். அலை தொடும் ஈரமணலில் ஓட்டுவது வேறு கதை. உப்புத்தண்ணீர் தகடுகளின் நடுவே போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

உப்புக்காற்றில் இந்த வேலை நிலைக்குமா?

உயர்த்தும் வேலை முழுவதிலும் நான் பயப்படும் இடம் இதுதான். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. ஸ்பிரிங்கின் முன் முனை தரைத்தகட்டோடு சேர்ந்த பெட்டியில், பின் முனை டிக்கிக்கு அடியில். இரண்டுமே துரு பிடிப்பதற்குப் பேர்போன இடங்கள். மேலே கறுப்புத் தார் பூசி அழகாக இருக்கும். உள்ளே வடைபோல உதிரும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால், முதலில் அந்தத் தகடு வேலையை முடியுங்கள். விறைப்பான புதிய ஸ்பிரிங்கைத் துருப்பிடித்த பெட்டியில் பூட்டினால், முதல் பெரிய கிடங்கில் ஸ்பிரிங் தப்பும், பெட்டி பிய்யும்.

தகடுகளைக் கழற்றியிருக்கும்போதே கம்பித் தூரிகையால் தேய்த்து, நிறம் பூசி, நடுவே கிராஃபைற் கிறீஸ் தடவுங்கள். மாரி முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும்போது கழுவலாம் என்று நினைக்காதீர்கள், அது குளிக்கும் இடம்!

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். இதே முறைதானா?

இல்லை. பீட்டிலின் பின்பக்கமும் முறுக்குக் கம்பி. அதன் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும் வெளியே ஒரு பல் மறுபக்கமும் நகர்த்தினால் கோணம் ஒரு டிகிரிக்கும் குறைவாக மாறும். நுட்பமாக உயர்த்த நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய பீட்டிலில் அரை அச்சு ஊஞ்சல்போல ஆடும் வகை. உயர்த்தும்போது சில்லுகளின் அடி உள்ளே சாயும். அதிகம் உயர்த்தினால் வேகமான வளைவில் சில்லு உள்ளே மடிந்து வண்டி புரளலாம். மைனரைவிட அதற்குத் தரை உயரம் இயல்பிலேயே நல்லது, விட்டுவிடுங்கள்.

ஒஸ்டின் A40, கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன தகட்டு வேலை பெரும்பாலும் பொருந்தும்.

காப்புறுதி, திணைக்களம்?

பழைய உயரத்துக்கு மீட்பது திருத்த வேலை. அதற்கு மேல் போவதென்றால் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் சொல்லி வையுங்கள். உடலையோ அச்சையோ வெட்டி ஒட்டும் எண்ணம் இருந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

உங்கள் வண்டி இப்போது எப்படி?

பத்துத் தகடும் வளைத்தது, பக்கத்துக்கு ஒரு தகடு சேர்த்தது, டயர் 155. சில்லின் நடுவிலிருந்து மட்கார்டு வரை முன்பைவிட இடது பக்கம் ஒன்றேகால் அங்குலமும் வலது பக்கம் கிட்டத்தட்ட இரண்டும் கூடியிருக்கிறது. இப்போது இரண்டு பக்கமும் சமம். அதில் மாமாவின் பாரம் இறக்கியதைக் கழித்தால் உண்மையான உயர்வு ஓர் அங்குலம்தான். வெறும் வண்டியாக ஓடும்போது முன்பைவிடக் குலுக்கம் கூட. மனைவி அதைச் சொல்லாத நாளில்லை. வெருகல் திருவிழாவுக்கு ஐந்து பேரோடும் அர்ச்சனைச் சாமானோடும் போனபோது பின்பக்கம் ஒரு தடவையும் இடிக்கவில்லை.

வயல் பாதையில் நடுமேடு இன்னும் டிஃபைத் தட்டுகிறது, போன மாரியில் இரண்டு தடவை. அடுத்த வாரம் மண்வெட்டியோடு போய் மேட்டையே கொஞ்சம் சீவலாம் என்றிருக்கிறேன்.